கறுப்புக் கிடாவின் வெள்ளைக் குட்டி

குட்டியின் முன்னங்கால்கள் இரண்டும் வெளியே தெரிந்தபோதே வீரையன் குனிந்து உற்றுப் பார்த்தார். குளம்பு கறுப்பாக இருந்திருக்க வேண்டும். வெளுத்துக் கிடந்தது. ஈரச் சவ்வுக்குள் எதுவும் சரியாகத் தெரியாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஆடு முக்குகிற நேரம் பார்த்து மெல்ல இழுத்தார். தலை வந்தது. அதன் பின்னால் உடம்பு வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோல்மேல் விழுந்தது. சவ்வைக் கிழித்து, மூக்கைத் துடைத்து, பழந்துணியால் முதுகைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க வெள்ளை. நெற்றி வெள்ளை, வயிறு வெள்ளை, வால் நுனி வரைக்கும் வெள்ளை. பெயருக்குக்கூட ஒரு கறுப்பு மயிர் கிடையாது.

அவர் அப்படியே பின்னால் சரிந்து உட்கார்ந்துவிட்டார். கையில் துணி இருப்பதே மறந்துபோனது.

தாய் ஆடு கறுப்பு. சேர்த்த கிடா கறுப்பு. அந்தத் தாயைப் பெற்ற ஆடும் கறுப்பு. காலை ஏழு மணி வெயிலில், தன் கொட்டகையில், தன் கையால் இழுத்துப் போட்ட குட்டியைப் பார்த்து ஐம்பத்தெட்டு வயது ஆள் ஒருவர் பயந்து நடுங்கினார் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்கு வீரையன் யார் என்று தெரியும்.

குடவாசலுக்குத் தெற்கே உள்ள ஊர். அவருக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் முப்பது ஆடும் உண்டு. ஆள் ஒண்டிக்கட்டை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு இருந்த மரியாதை பத்து ஏக்கர்க்காரருக்கு இல்லை. ஆடுகளைச் சினைப்படுத்த விடுகிற பொலிகிடா ஒன்று அவரிடம் இருந்தது. காது முதல் குளம்பு வரை கன்னங்கரேலென்று இருக்கும். அந்த ஊர் ஆற்றங்கரை முனீஸ்வரனுக்குக் கறுப்புக் கிடாதான் வெட்ட வேண்டும், ஒரு வெள்ளை மயிர் இருந்தாலும் ஆகாது. அதிலும் அந்த ஊரில் ஒரு வழக்கம். வெட்டப்போகிற கிடாவை வளர்ந்த பிறகு நேர்ந்துவிட மாட்டார்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே நேர்ந்துவிடுவார்கள். சினை ஆட்டைக் கோயில் எல்லைக்கல்லுக்குக் கூட்டிப்போய்க் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டுவார்கள். கிடாவுக்கு உடையவர் ஆட்டின் வயிற்றில் கைவைத்து, “இது என் கிடாவோட வித்து, இதுல கலப்பு இல்ல” என்று மூன்று முறை சொல்ல வேண்டும். அந்த வார்த்தைக்கு மேல் அங்கே ஜாமீன் கிடையாது. பதினெட்டு வருடமாக, மூன்று கிடா மாறி, அந்த வார்த்தையைச் சொல்லி வந்தவர் வீரையன். ஒரு தடவையும் பிசகியதில்லை.

அது மட்டுமல்ல. குட்டியைப் பார்த்து அப்பன் யார் என்று சொல்கிற கண் அவருடையது என்று ஊரே ஒப்புக்கொண்டிருந்தது. தெருவில் மேய்ந்த ஆட்டில் ஏறியது எவன் கிடா என்று இரண்டு வீட்டுக்காரர்கள் மல்லுக்கு நின்றால் வீரையனைத்தான் கூப்பிடுவார்கள். அவர் குட்டியைத் தூக்கிக் காதைப் புரட்டிப் பார்ப்பார், நெற்றிச் சுழியைத் தடவுவார், நிறத்தைப் பார்ப்பார், தீர்ப்புச் சொல்வார். யாராவது, “இல்லண்ணே, எங்க கிடா கட்டுத்தறிய விட்டு நகரவே இல்ல, சத்தியமா” என்றால், அவரிடம் ஒரே பதில் உண்டு. “சத்தியம் யாரு வேணும்னாலும் பண்ணலாம். குட்டியில்ல பேசுது!” சுற்றி நிற்கிற கூட்டம் கைதட்டாத குறைதான். இப்படித் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால் எந்த மனுஷனுக்குத்தான் தலை நிற்கும்? அவருக்கும் நிற்கவில்லை.

அந்தக் கண்ணை வைத்துத்தான் அவர் தன் குடும்பத்தையும் குட்டிச்சுவர் ஆக்கினார். அதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால், கல்யாணமாகி நாலு வருடம் கழித்து, அவர் மனைவி அமிர்தத்துக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வீரையன் கறுப்பு. அமிர்தம் அவரைவிட ஒரு பிடி அதிகம். குழந்தையோ எலுமிச்சம்பழ நிறம், தலைமயிர் செம்பட்டை. பார்க்க வந்தவர்கள், “யாரைக் கொண்டிருக்குன்னே தெரியலியே” என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார்கள். வீரையன் குழந்தையைத் துணியோடு தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். பிறகு கட்டிலில் வைத்தார். பதினாறு கட்டில் போட்ட வார்டு, ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் நாலு பேர். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “இது என் வித்து இல்ல” என்றார்.

அமிர்தம் அழுதாள். பிறகு சத்தியம் செய்தாள். குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். மாமியார் வீட்டு வாசலில் சூடம் ஏற்றி அணைத்தாள். யார் மேல் சந்தேகம் என்று பெரியவர்கள் கேட்டபோது வீரையனால் ஒரு பெயரும் சொல்ல முடியவில்லை. “பேரு எனக்கு எதுக்கு? குட்டியே பேசுது” என்று பெற்ற பிள்ளையைப் பார்த்து ஆட்டுக்குச் சொல்கிற வார்த்தையைச் சொன்னார். அமிர்தத்தின் அண்ணன் சாமிதுரை சீர்காழியிலிருந்து வந்து தங்கையையும் குழந்தையையும் கூட்டிப்போனார். வீரையன் அதன் பிறகு வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதையும் ஊர் பெருமையாகப் பேசியது.

அந்தக் குழந்தைதான் வானதி. அவளுக்கு இந்த ஆவணியில் கல்யாணம். போன மாதம் சாமிதுரை தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை எடுத்துக்கொண்டு வந்தார். “நடந்தது நடந்துபோச்சு, மாப்ள. தாரை வார்க்க அப்பன்னு ஒருத்தர் நிக்கணும். அந்தப் புள்ள ஒன்னும் கேக்கல, நான்தான் கேக்கறேன். வந்து நின்னுட்டுப் போயிடுங்க.”

வீரையன் தட்டைத் தொடவில்லை. “யாரு புள்ளைக்கு யாரு தாரை வாக்கறது?” என்று கேட்டுவிட்டு ஆட்டுக்குத் தழை வெட்டப் போய்விட்டார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போதுதான் கொட்டகையில் அந்த வெள்ளைக் குட்டி விழுந்தது.

அந்த ஆட்டின் வயிற்றுக் குட்டியை முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டவர் பரணிதரன். குத்தகைக்கு ஆறு ஏக்கர் குறுவை போட்டிருக்கிற நல்ல உழைப்பாளி. அவர் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது வேண்டிக்கொண்ட கிடா. தகவல் கேட்டு வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்தார். குட்டியைப் பார்த்தார். இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். கோபம் அதன் பிறகுதான் வந்தது.

“என்னண்ணே இது? எந்தக் கிடா ஏறுச்சு?”

“தம்பி, என் கிடாதான். வேற கிடா கிட்டக்கூட வரல.”

“வரலன்னா இது எப்புடி வந்துச்சு? எங்கப்பா உசுருக்கு நேந்துக்கிட்டதுண்ணே! எல்லைக்கல்லுல நின்னு வயித்துல கைவச்சு மூணுவாட்டி சொன்னீங்க!”

“முனீஸ்வரன் சத்தியமா சொல்றேன் தம்பி. நான்...”

“சத்தியம் யாரு வேணும்னாலும் பண்ணலாம்.” பரணிதரன் வெள்ளைக் குட்டியை நோக்கிக் கையை நீட்டினார். “குட்டியில்ல பேசுது.”

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த ஊரில் எல்லாரும் சொல்கிற வார்த்தையாகவே அது ஆகிப்போயிருந்தது. ஆனால் வீரையனுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. தன் பக்கம் நியாயம் இருந்தும், நடந்தது என்னவென்று தெரிந்தும், சொன்னால் நம்ப ஆள் இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த நினைப்பு எங்கே இழுத்துக்கொண்டு போகிறது என்று புரிந்ததும் சட்டென்று அதைக் கத்தரித்தார்.

பரணிதரன் போன பிறகு தடயம் தேட ஆரம்பித்தார். தேட என்ன இருக்கிறது? பங்குனி மாதம் அந்த ஆடு பருவத்துக்கு வந்து கிடாவுக்குக் கத்த ஆரம்பித்த அன்றே, அதையும் கிடாவையும் வயலில் உள்ள மோட்டார் ரூமுக்குள் விட்டு இரும்புக் கதவைப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். கிடாவை மறுநாள் வெளியே எடுத்தார். ஆட்டை மேலும் மூன்று நாள், பருவம் தணிகிற வரை, உள்ளேயே வைத்துத் தழையும் தண்ணீரும் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். நேர்த்திக்கடன் ஆடு எதற்கும் அவர் அப்படித்தான் செய்வார். இப்போது மறுபடி மோட்டார் ரூமுக்குப் போனார். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். கம்பிக்கு நடுவே ஒரு பூனைதான் நுழையும். கூரை ஓடுகளைப் பார்த்தார். கதவுக்கடியில் குனிந்து பார்த்தார். வரப்பில் போனவர்கள், மோட்டாரைத்தான் யாரோ களவாடிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

திரும்பி வந்து குட்டியைத் தூக்கினார். இடக்காதின் ஓரத்தில் சின்ன மடிப்பு. கிடாவுக்கும் அதே இடத்தில் அதே மடிப்பு. நெற்றிச் சுழி வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. கிடாவுக்கும் அப்படியே. தாடை, முட்டி, நிற்கும்போது பின்னங்காலை லேசாக அகட்டுகிற பழக்கம் வரை அச்சு மாறவில்லை. நிறம் ஒன்றைத் தவிர எல்லாம் அவருடைய கிடா. அவருடைய கண்ணே, நிறத்தை வைத்து அவர் சொன்ன தீர்ப்புகளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. 

மறுநாள் காலை குட்டியைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்து, டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனார். அங்கே டாக்டர் சபிஹா இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊசி போடும்போது ஆட்டோடு பேசிக்கொண்டே போடுகிறவர் என்று அவருக்கு நல்ல பெயர்.

“டாக்டரம்மா, இதுக்கு என்ன வியாதின்னு பாருங்க.”

சபிஹா குட்டியை மேசையில் விட்டார். அது இரண்டு தரம் துள்ளிவிட்டு அவர் துப்பட்டாவைச் சப்ப ஆரம்பித்தது. “வியாதியா? ஜம்முன்னு இருக்கே ஐயா.”

“வெள்ளையா பொறந்திருக்குங்க. ஆத்தாளும் கறுப்பு, அப்பனும் கறுப்பு. நான்தான் பூட்டி வச்சிருந்தேன், வேற கிடா கிடையாது. எப்படிங்க?”

சபிஹா சிரிக்கத்தான் போனார். வீரையன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “உக்காருங்க ஐயா. இதுல பயப்பட ஒன்னுமே இல்ல. நீங்க கொள்முதல் நிலையத்துக்கு நெல்லு கொண்டுபோறீங்கள்ல, அங்க குவியல் மேல கறுப்புப் படுதா போட்டு மூடியிருப்பாங்க. வெளியேருந்து பாத்தா உள்ள இருக்கறது என்ன நெல்லுன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“ஆட்டு நிறமும் அப்படித்தான். எல்லாரும் ஒரு நிறத்துக்கு ஒரு மரபணுன்னு நினைக்கறாங்க. அப்படி இல்ல. உள்ள வெள்ளையா வேற நிறமாங்கறது ஒரு மரபணு. அதுக்கு மேல கறுப்புப் படுதாவைப் போத்தறது வேற மரபணு. படுதா இருந்துட்டா, உள்ள வெள்ளை இருந்தாலும் ஆடு கறுப்பாத்தான் தெரியும். ஆனா உள்ள இருக்கற வெள்ளை எங்கயும் போயிடல. குட்டிக்கும் போகும், பேரக்குட்டிக்கும் போகும்.”

“அப்ப படுதா எங்க போச்சு?”

“எந்த மரபணுவா இருந்தாலும் ரெண்டு ரெண்டா இருக்கும். ஆத்தாகிட்டேருந்து ஒன்னு, அப்பன்கிட்டேருந்து ஒன்னு. படுதா ஒன்னு இருந்தாலே ஆடு முழுக்கக் கறுப்பு. உங்க கிடாகிட்ட ஒரு படுதாதான் இருக்கணும். இன்னொரு பக்கம் காலி. தாயும் அதே மாதிரி. ரெண்டு பேரும் குட்டிக்குக் காலிப் பக்கத்தைக் கொடுத்துட்டாங்கன்னா, மூட ஒன்னும் இல்ல. வெள்ளை வெளியே வந்துடும். இப்படி ஒரு ஜோடி நாலு குட்டி போட்டா, அதுல ஒன்னு இப்படி வர வாய்ப்பிருக்கு. ரத்தத்தைச் சோதிச்சாத்தான் அடிச்சுச் சொல்ல முடியும். ஆனா நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா இதுதான் நடந்திருக்கணும்.”

“நாலு வருசமா இந்தக் கிடாவைச் சேக்கறேன். இதுவரைக்கும் வரலையே?”

“யாரோட சேத்தீங்க?”

“ஊர் ஆடுங்கதான்.”

“அதுங்ககிட்ட ரெண்டு படுதாவும் இருந்திருக்கும். இந்தத் தாய் ஆடு யாருக்குப் பொறந்தது?”

வீரையன் குட்டியின் காதைத் தடவினார். “இதே கிடாவுக்குத்தாங்க. நேந்துவிடற குட்டி, வெளி ரத்தம் கலந்துடக் கூடாதுன்னு மகளையே கட்டிச் சேத்தேன்.”

“அதான்!” சபிஹா மேசையைத் தட்டினார். “அப்பன்கிட்ட இருந்த காலிப் பக்கம் மகளுக்குப் போயிருக்கு. ரெண்டையும் சேத்து, உள்ள ஒளிஞ்சிருந்ததை நீங்களே வெளியே கொண்டாந்துட்டீங்க. சுத்தமா இருக்கணும்னு நீங்க பண்ணுனதாலதான் ஐயா இது வந்துச்சு.”

பதினெட்டு வருடமாகத் தன் கெட்டிக்காரத்தனம் என்று மார்தட்டிக்கொண்ட காரியம். அதுதான் காரணம் என்று ஒரு பெண் சிரித்த முகத்தோடு சொல்கிறாள்.  ஆனால் வீரையனுக்குக் கேட்க வேண்டியது அது இல்லை.  அவர் குட்டியைக் கூடையில் வைத்தார், வாசல் வரை போனார், திரும்பி வந்தார்.

“மனுசங்களுக்கும் இப்படி உண்டுங்களா?”

“மனுசத் தோல் நிறத்துக்கா? அங்க ஒன்னு ரெண்டு இல்ல, எத்தனையோ மரபணு ஒன்னாச் சேந்து வேலை பாக்குது. கறுத்த அப்பா அம்மாவுக்கு வெளுத்த புள்ள பொறக்கறது அதிசயமே கிடையாது. என்னையும் எங்க அக்காவையும் நிக்க வச்சா ஒரே வயித்துப் புள்ளைங்கன்னு யாரும் நம்ப மாட்டாங்க.”

“அப்ப நிறத்தை வச்சு... யாரு புள்ளன்னு...”

“நிறத்தை வச்சா? முடியவே முடியாது. எவன் அப்படிச் சொன்னான்?”

வீரையன் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டியை உதைத்தார், கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். பெட்ரோல் குழாயைத் திறக்கவே இல்லை என்பது பத்தாவது உதைக்குத்தான் உறைத்தது. பதினாறு கட்டில் போட்ட அந்த வார்டு அவர் கண்முன் வந்து நின்றது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அமிர்தத்தின் முதுகு. அவள் செய்த சத்தியங்கள். ஐயோ, அவள் சொன்னது நிஜம். அத்தனையும் நிஜம். ரோட்டோரத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டு அவர் வாய்விட்டு, “அடப்பாவி!” என்றார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆள் தன்னைத்தான் சொல்கிறாரோ என்று முறைத்தான்.

அன்று சாயங்காலம் பரணிதரனிடம் போய், டாக்டரம்மா சொன்னதைத் தெரிந்த மட்டும் சொல்லி, அவர் போன் நம்பரையும் கொடுத்தார். பரணிதரன் டாக்டரிடம் பேசிய பிறகு சமாதானமானார். வேறு ஆட்டை நேர்ந்துகொள்ளலாம், அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறார் என்றார். ஒரு நாளில் அந்த வழக்கு முடிந்துவிட்டது. வீரையன் அவரிடமே இரண்டு நாளைக்கு ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுநாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். மயிலாடுதுறையில் மாறி சீர்காழி போய்ச் சேர்ந்தபோது மணி நாலு.

மண்டபத்தின் பின்பக்கம், சமையல் கட்டில், அமிர்தம் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் இருபது வருடம் சமைத்தவள், சமையல்காரர்களை அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். முகத்தில் ஆச்சரியம் இருந்தது. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

“வாங்க” என்றாள். வீட்டுக்கு வந்த யாரிடமும் சொல்கிற வாங்க.

வீரையன் வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை விட்டுவிட்டு, ஆட்டில் ஆரம்பித்தார். கறுப்பு ஆடு, கறுப்புக் கிடா, வெள்ளைக் குட்டி, படுதா, காலிப் பக்கம், டாக்டரம்மா. வார்த்தை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தது. அமிர்தம் குறுக்கே பேசாமல் கேட்டாள். பாதியில், கையில் மருதாணியோடு ஒரு பெண் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

வானதி. வீரையன் ஆட்டுக் கதையை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். அவர் அவளைப் பிறந்த அன்று பார்த்ததோடு சரி. நிறம் அதே நிறம்தான். ஆனால் இடப்புருவம் வலப்புருவத்தைவிட ஒரு இழை மேலே ஏறியிருந்தது, அவர் அம்மாவுக்கு இருந்த மாதிரி. நிற்கும்போது ஒரு தோளைச் சாய்த்து நின்றாள், அவரைப் போல. கைக்கட்டைவிரல் நுனி பின்னால் வளைந்திருந்தது. அவர் தன் விரலைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. ஊரான் வீட்டு ஆட்டுக்குக் காதையும் சுழியையும் புரட்டிப் புரட்டிப் பார்த்த மனுஷன், தன் குழந்தையிடம் நிறத்தைத் தாண்டி எதையும் பார்க்கவில்லை. 

“நீங்க சொன்னது எனக்குத் தெரியும்” என்றாள் வானதி. “பன்னண்டாவதுல உயிரியல்ல வந்துச்சு. ஒரு மரபணு இன்னொன்னை மறைக்கறது, பல மரபணு சேந்து நிறம் வர்றது, எல்லாம். அன்னைக்குச் சாயங்காலமே அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். அந்தப் பக்கத்தை உங்களுக்குத் தபால்ல அனுப்பலாம்னேன். அம்மா வேணாம்னுட்டாங்க.”

அஞ்சு வருடத்துக்கு முன்னாலேயே. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளெல்லாம் படித்துப் பரீட்சை எழுதிய சங்கதி. வீரையன் அமிர்தத்தைப் பார்த்தார். “ஏன் வேணாம்னே?”

“நான் சொல்லி நம்பாதவருக்குப் புத்தகம் எதுக்கு?” அமிர்தம் குரலை உயர்த்தவில்லை. “சரி, இப்ப ஆட்டை மட்டும் எப்படி நம்புனீங்க? வேற கிடா ஏறியிருக்கும்னு ஏன் தோணல?”

“எப்படித் தோணும்? நான்தான் பூட்டி வச்சேன். சாவி என் இடுப்புல இருந்துச்சு.”

அமிர்தம் அவரையே பார்த்தாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டாள். இருபத்துமூன்று வருடமாகப் புரியாத ஏதோ ஒன்று அப்போதுதான் புரிந்த மாதிரி இருந்தது.

“அப்ப என்னையும் பூட்டி வச்சிருந்தா நம்பியிருப்பீங்க” என்றாள்.

சமையல்காரர்கள் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டார்கள்.  இல்லை என்று சொல்ல வீரையனுக்கு ஆசை. சொன்னால் அது பொய்.

தரையைப் பார்த்தபடி கேட்டார். “காலைல தாரை வாக்க நான் நிக்கட்டுமா?”

“என்னை ஏன் கேக்கறீங்க? அவளைக் கேளுங்க.”

வானதி யோசித்தாள். உடனே மறுக்காமல் யோசித்ததுதான் அவருக்கு இன்னும் வலித்தது. “மாமாவும் அத்தையும் நிக்கறாங்க. எல்லாம் அவங்கதான் செஞ்சாங்க. இன்னைக்கு உங்களை நிக்கச் சொன்னா, அது அவங்களுக்கு மரியாதை இல்ல” என்றாள். பிறகு, கொஞ்சம் இரக்கத்தோடே, “நீங்க இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள்.

காலையில் அவர் ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் ஐயர், “பொண்ணுக்கு அப்பா அம்மா ஸ்தானத்துல யாரு, வாங்கோ” என்று கூப்பிட்டார். அந்தக் குரலுக்கு வீரையனின் உடம்பு தன்னால் எழுந்தது. பாதி எழுந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சாமிதுரை பட்டு வேட்டியில் மனைவியோடு மேடையேறினார். கண்களைத் துடைத்துக்கொண்டே தண்ணீர் வார்த்தார். அமிர்தம் ஓரமாக நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீரையன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை வீட்டு உறவுக்கார அம்மாள் இதைக் கவனித்துவிட்டு, அவர் கையில் கொஞ்சம் அட்சதையைக் கொட்டினாள். “நீங்க பொண்ணுக்கு என்ன வேணுங்க?”

வீரையன் அவள் முகத்தைப் பார்த்தார்.  இதற்கு முன் ஒரு தடவையும் சொல்லிப் பார்க்காத வார்த்தை. “அப்பா” என்றார்.

அதே நொடியில் கெட்டிமேளம் வெடித்தது. நாதஸ்வரம் உச்சத்துக்கு ஏறியது. மண்டபமே எழுந்து நின்றது. அந்த அம்மாளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. விழுந்ததுபோல் சிரித்துத் தலையாட்டிவிட்டு, மணமக்களைப் பார்த்து அட்சதையை வீசினாள்.